"நீங்க செலக்ட் ஆகிட்டீங்க": கமிஷன் மட்டுமே உள்ள இன்ஷூரன்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"சார், எச்ஆர்ல இருந்து பேசறோம். உங்க ரெஸ்யூம் பார்த்தோம், நாளைக்குப் பதினோரு மணிக்கு டைரக்ட் இன்டர்வியூ. ஃபார்மல்ஸ்ல வந்துடுங்க." வேலை தேடும் தளத்தில் விவரத்தைப் பதிந்த இரண்டொரு நாளில் இப்படி ஓர் அழைப்பு வரும். பதவியின் பெயர் பிசினஸ் அசோசியேட், லைஃப் பிளானர், ஃபைனான்ஷியல் கன்சல்டன்ட் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். ஏஜென்ட் என்ற சொல்லை மட்டும் போனில் உச்சரிக்க மாட்டார்கள்.

போனிலேயே கேட்காமல் கிளம்பிப் போவதுதான் முதல் தவறு. மாதச் சம்பளம் உண்டா, பிஎஃப் பிடிப்பீர்களா, ஐசி-38 தேர்வு (இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வு) எழுத வேண்டுமா என்று மூன்றே கேள்விகள் போதும். முதல் இரண்டுக்கும் "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்பார்கள். மூன்றாவதற்கு "அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்" என்றால் அது ஏஜென்ட் வேலைதான், சந்தேகமே வேண்டாம். எல்ஐசியில் சம்பளத்தோடு வேலை என்று யாராவது கூப்பிட்டால் அதற்கும் ஒரு சோதனை உண்டு. அங்கே உதவியாளர், ஏஏஓ (உதவி நிர்வாக அதிகாரி), ஏடிஓ (பயிற்சி வளர்ச்சி அதிகாரி) போன்ற பணியிடங்களுக்கு licindia என்ற அவர்களுடைய இணையதளத்தில் அறிவிக்கை வரும், எழுத்துத் தேர்வு நடக்கும். போனில் ஆள் எடுக்கும் வழக்கம் கிடையாது.

உள்ளே போனதும் பலர் ஏமாறும் இடம், இது ஆள்தேர்வு என்று நம்புவது. பதினெட்டு வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஆதார், பான் கார்டு, ஒரு வங்கிக் கணக்கு. ஏஜென்ட் ஆவதற்கு விதிப்படி இவ்வளவு இருந்தாலே போதும். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் பெரும்பாலும் எச்ஆர் அல்ல, ஏஜென்சி மேனேஜர் அல்லது டெவலப்மென்ட் ஆபீசர். மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும், சேர்ந்தவர்களில் இத்தனை பேர் முதல் பாலிசியைப் போட வேண்டும் என்று அவர் தலையில் டார்கெட் இருக்கிறது. அதனால் அந்த அறைக்குள் போய் ரிஜெக்ட் ஆனவர் அநேகமாக யாரும் இல்லை. இரண்டாம் சுற்று, பிராஞ்ச் மேனேஜர் சுற்று என்று நடப்பதெல்லாம், எளிதில் கிடைக்காத வேலை இது என்ற எண்ணத்தை உங்களுக்கு உண்டாக்கத்தான். பயந்துகொண்டு பதில் சொல்லத் தேவையில்லை. கேள்வி கேட்கவேண்டியவர் நீங்கள்.

அடுத்து ஒரு தாளை நீட்டுவார்கள். பெயர், உறவு, வயது, வேலை, பிள்ளைகள் எத்தனை, போன் நம்பர் என்று கட்டங்கள், மொத்தம் நூறு வரிசை. "உங்க நேச்சுரல் மார்க்கெட்டைப் பார்க்கத்தான் சார்" என்பார்கள். அங்கேயே உட்கார்ந்து அதை நிரப்பிக் கொடுப்பது இந்த வரிசையிலேயே பெரிய தவறு. மாமா, சித்தப்பா, பழைய வகுப்புத் தோழர்கள் எல்லோருடைய எண்ணும் அவர்களைக் கேட்காமலே கைமாறிவிடுகிறது. நீங்கள் இரண்டு மாதத்தில் விலகினாலும் அந்தத் தாள் விலகாது. தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்து, குடும்பத்திலேயே வேறு ஏஜென்ட் இருப்பவர்களை அடித்துவிடுங்கள் (நம் ஊரில் இப்படி அடிபடும் பெயர்களே பாதிக்குமேல் இருக்கும்). மாதக் கடைசியில் கைமாற்று வாங்குகிறவர்களையும், பண விஷயம் பேசினால் உறவு கெடும் என்று உங்களுக்கே தோன்றுகிறவர்களையும் அடியுங்கள். மிச்சம் நிற்பதுதான் உங்கள் சந்தை. அது பதினைந்து பெயரைத் தாண்டவில்லை என்றால், தெரியாதவர்களிடம் போய் விற்கும் தெம்பு இருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள்.

பிறகு கணக்கு. மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டும் கணக்கு எப்போதும் அழகாகவே வரும். அதே கணக்கை நீங்கள் போடுங்கள். ஒரு திட்டத்துக்கு முதல் ஆண்டுக் கமிஷன் 25% என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபாய் வேண்டுமானால் ஒவ்வொரு மாதமும் 80,000 ரூபாய் புதிய பிரீமியம் கொண்டுவர வேண்டும். சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு 20,000 கட்டினால் மாதம் நான்கு பாலிசி. பத்துப் பேரைப் பார்த்தால் ஒருவர் போடுவார் என்றால் மாதம் நாற்பது சந்திப்பு. இதில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தை இன்டர்வியூவில் யாரும் சொல்வதில்லை. பிரீமியம் கட்டும் முறையைப் பொறுத்தே கமிஷன் வரும். 24,000 ரூபாயை ஒரே தவணையாகக் கட்டினால் 6,000 ரூபாய் ஒருசேர வரும். அதையே மாதம் 2,000 என்று கட்டினால் உங்களுக்கு மாதம் 500 ரூபாய். நாலாவது மாதம் அவர் கட்டாமல் விட்டால் உங்கள் வருமானம் 1,500 ரூபாயோடு முடிந்தது. தமிழ்நாட்டில் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் மாதத் தவணையைத்தான் கேட்பார்கள்.

செலவோ முதல் நாளே தொடங்கிவிடும். பெட்ரோல், போன், பார்க்கப் போகிற இடத்தில் காபி, ஜெராக்ஸ் என்று மாதம் நான்காயிரம், ஐயாயிரம் சாதாரணமாகப் போகும். பாலிசி போட்ட அன்றே பணம் வராது. மருத்துவப் பரிசோதனை, ஆவணச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து பாலிசி வழங்கப்பட்ட பிறகுதான் கமிஷன். வாங்கியவருக்கு 30 நாள் ஃப்ரீ லுக் அவகாசம் உண்டு. அதற்குள் அவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் வந்த கமிஷனும் திரும்பிப் போகும். ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2% டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இது 5% ஆக இருந்தது. இந்த வருமானம் சம்பளம் அல்ல என்பதால் வருமான வரிக் கணக்குக்கான எளிய ஐடிஆர்-1 படிவம் செல்லாது. பேங்கில் கடன் கேட்டுப் போனாலும் சம்பளச் சீட்டு இல்லாதவராகத்தான் உங்களைப் பார்ப்பார்கள்.

கமிஷன் விகிதத்தை வாய்வார்த்தையாக நம்பிவிடுவதும் அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு வகைத் திட்டத்துக்கும் இத்தனை சதவீதம் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வைத்திருந்த உச்சவரம்பு 2023இல் எடுக்கப்பட்டது. இப்போது கம்பெனியின் மொத்தச் செலவு வரம்புக்குள் கம்பெனியே முடிவு செய்கிறது. 2024 அக்டோபரில் சரண்டர் மதிப்பு (பாலிசியைப் பாதியில் முடித்தால் திரும்பக் கிடைக்கும் தொகை) விதிகள் மாறியபோது பல கம்பெனிகள் முதல் ஆண்டுக் கமிஷனை மாற்றி அமைத்தன. ஆகவே "போன வருஷம் நம்ம பிராஞ்ச் டாப்பர் இவ்வளவு வாங்கினார்" என்ற பேச்சு உங்களுக்கு உதவாது. நடப்பில் உள்ள கமிஷன் அட்டவணையைக் கையில் கேளுங்கள். எண்டோமென்ட் (சேமிப்போடு சேர்ந்த பாலிசி), டேர்ம் (இறப்புக்கு மட்டும் பணம் தருவது), யூலிப் (சந்தை முதலீட்டோடு சேர்ந்தது) மூன்றுக்கும் தனித்தனி விகிதம் இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுப் பிரீமியத்துக்கு வரும் ரென்யூவல் கமிஷன் எவ்வளவு, நான் விலகினால் அது தொடருமா, பாலிசி பாதியில் சரண்டர் ஆனால் என்னிடமிருந்து பிடிப்பீர்களா என்பதையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே போதுமான பதில்.

அந்தக் கமிஷன் முழுசாக உங்கள் கைக்கு வரும் என்று எண்ணுவதிலும் ஓட்டை இருக்கிறது. "முதல் பிரீமியத்துல எவ்வளவு விட்டுக் கொடுப்பீங்க?" என்று கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம். சில மேனேஜர்களே "கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் பிசினஸைப் பிடிங்க" என்று தூண்டுவார்கள். 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டம் 41ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது. அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை. மாட்டினால் மாட்டுவது ஏஜென்ட்தான், யோசனை சொன்னவர் அல்ல.

"முதல் ஆறு மாசம் ஸ்டைபெண்ட் உண்டு" என்பதைச் சம்பளம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் எல்ஐசி தொடங்கிய பீமா சகி திட்டமே நல்ல உதாரணம். பெண்களுக்கானது, முதல் ஆண்டு மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 24 பேருக்குப் பாலிசி, போனஸ் நீங்கலாக 48,000 ரூபாய் முதலாண்டுக் கமிஷன் என்று இலக்கு உண்டு. முதல் ஆண்டு போட்ட பாலிசிகளில் 65% இரண்டாம் ஆண்டு முடிவிலும் உயிரோடு இருக்க வேண்டும். அங்கே நிபந்தனைகளாவது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. மற்ற இடங்களில் எழுத்தில் வாங்காத ஸ்டைபெண்டை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். தேர்வுக் கட்டணம் என்பது சில நூறு ரூபாய் சமாச்சாரம். டெபாசிட், கிட், யூனிஃபார்ம் என்று ஆயிரக்கணக்கில் கேட்பது ஏஜென்ட் சேர்க்கையே அல்ல. இதைவிட நாசூக்கான வடிவம் ஒன்று உண்டு: "நீங்களே வாங்காம மத்தவங்களுக்கு எப்படி விப்பீங்க? முதல்ல உங்க பேர்ல ஒண்ணு போடுங்க." அந்த ஒரு பாலிசியோடு மேனேஜரின் கணக்கில் நீங்கள் 'ஆக்டிவ்' ஆகிவிடுவீர்கள். வருமானமே இன்னும் வராதபோது ஆண்டுக்கு 25,000 கட்டும் பாலிசியைத் தலையில் ஏற்றிக்கொள்வது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதுதான்.

எம்பிஏ முடித்து மேனேஜர் வேலை என்று போகிறவர்களுக்கு வேறு பொறி. சம்பளம் உண்மையிலேயே இருக்கும், ஆனால் ஆள் சேர்க்கும் டார்கெட்டும் இருக்கும். அது எட்டாதபோது "உங்க அம்மா பேர்ல, வைஃப் பேர்ல ஒரு ஏஜென்ட் கோடு போட்டு ஓட்டுங்க" என்பார்கள். கோடு என்பது ஏஜென்டுக்குக் கம்பெனி தரும் பதிவு எண். பாலிசி விற்றவர் ஒருவர், கோடு இன்னொருவர் பெயரில் என்றால் நாளை புகார் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அம்மா. வருமானமும் அவர் பான் எண்ணில்தான் ஏறும்.

தேர்வைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 25 மணி நேரப் பயிற்சி, 50 கேள்விகள், ஒரு மணி நேரம், 35% எடுத்தால் தேர்ச்சி, தமிழிலும் எழுதலாம். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு. ஓர் ஏஜென்ட் ஒரு லைஃப் கம்பெனி, ஒரு ஜெனரல் கம்பெனி, ஒரு தனி ஹெல்த் கம்பெனி என்று சேர்ந்துகொள்ளலாம். இரண்டு லைஃப் கம்பெனிக்கு ஒரே நேரத்தில் விற்க முடியாது. அவசரப்பட்டு முதலில் கூப்பிட்ட இடத்தில் கோடு வாங்கிவிட்டால், பிறகு நல்ல இடம் கிடைத்தாலும் பழைய கம்பெனியில் முறையாக விலகிச் சான்று வாங்கிய பிறகே அங்கே போக முடியும். கையில் இருக்கிற வேலையை விடாமல் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பார்க்க நினைப்பவர்கள், லைஃபைவிட மருத்துவக் காப்பீட்டையும் வண்டி இன்ஷூரன்ஸையும் முதலில் எடுப்பது நல்லது. ஒரு பாலிசிக்கு வருவது குறைவு. ஆனால் வண்டி வைத்திருப்பவர் பாலிசிக் காலம் முடிந்ததும் எப்படியும் புதுப்பித்தே ஆக வேண்டும், அவருக்கு அதன் தேவையை நீங்கள் விளக்க வேண்டியதில்லை.