பாவ்லிக் பட்டை போட்ட குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

கைக்குழந்தையின் இடுப்பு மூட்டு விலகலை ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. செக் நாட்டு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் வடிவமைத்த பட்டையை மாட்டி, கால்களை மடக்கி அகட்டி வைப்பார்கள். தொடை எலும்பின் பந்து முனை இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்து, குழியும் அதைச் சுற்றி ஆழமாக வளரும். பட்டையை மாட்டுவது மருத்துவர் வேலை. அதற்குப் பிறகு எல்லாம் பெற்றோர் கையில்தான்.

1. மருத்துவர் பட்டையைச் சரிசெய்ததும், அதிலுள்ள ஒவ்வொரு வாரும் (ஸ்ட்ராப்) நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். நழுவினால் அந்தக் கோட்டுக்கே கொண்டுவாருங்கள், அதைத் தாண்டி இறுக்காதீர்கள். ‘இறுக்கினால் சீக்கிரம் குணமாகும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். காலை மடக்கிப் பிடிக்கும் முன்வார் அளவுக்கு மீறி இறுகினால் தொடை நரம்பு அழுந்தும். காலை அகட்டிப் பிடிக்கும் பின்வார் இறுகினால் பந்து முனைக்குப் போகும் ரத்தமே குறைந்துவிடலாம்.

2. பட்டைக்கு அடியில் மெல்லிய பருத்திச் சட்டையும் முழங்கால் வரை சாக்ஸும் போடுங்கள். டயப்பரும் வார்களுக்கு அடியில்தான்.

3. டயப்பர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிட்டத்துக்கு அடியில் கையைக் கொடுத்து மெல்ல உயர்த்தினால் போதும்.

4. கழற்ற அனுமதி இல்லையென்றால் குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதுதான். முழங்காலின் பின்மடிப்பு, தொடை இடுக்கு, கழுத்து மூன்றையும் தினமும் பாருங்கள். வார்களுக்கு அடியில் பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

5. தூக்கும்போது குழந்தை உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி, கால்கள் இருபுறமும் விரிந்திருக்கட்டும். பால் கொடுக்கும்போதும் கால்கள் ஒட்டிக்கொள்ளக் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். கால்களை நீட்டித் துணியால் இறுகச் சுற்றவே கூடாது.

6. டயப்பர் மாற்றும்போதெல்லாம் குழந்தை காலை உதைக்கிறதா என்று கவனியுங்கள். பட்டைக்குள்ளேயும் முழங்காலை நீட்டி உதைக்க முடியும், உதைக்கவும் வேண்டும். ஒரு கால் அசையாமல் கிடந்தால், பாதம் வீங்கினால், நிறம் மாறினால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் சில நாள் குழந்தை சிணுங்கும், பிறகு பழகிவிடும். பெற்றோருக்குத்தான் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும்! வழக்கமாக 6 முதல் 12 வாரம் வரை போட வேண்டியிருக்கும். இடையிடையே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள், வளர்ச்சிக்கேற்ப வார்களையும் தளர்த்துவார்கள். மூன்று நான்கு வாரத்தில் பந்து முனை குழிக்குள் உட்காரவில்லை என்றால் பட்டையை நிறுத்தி வேறு சிகிச்சைக்கு மாறுவார்கள். அதனால் ஒரு ஸ்கேனைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.