ஒட்டுண்ணி நூலா? முதலில் ஆச்சியிடம் சொல்லிப் பாருங்கள்

பூச்சிகளின் நடத்தையையே மாற்றும் ஒட்டுண்ணிகளைப் பற்றி முதல் நூல் எழுதுகிறவர்கள் பரிணாமத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு கரப்பானில் ஆரம்பியுங்கள்.

காரைக்குடி வீட்டில் இரண்டாங்கட்டில் மாவுருண்டை பிடித்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் மரகதக் குளவியின் கதையைச் சொன்னேன். முதல் கொட்டு மார்பில். கரப்பானின் முன்கால்கள் சில நிமிடம் செயலிழக்கும். அடுத்தது நேராகத் தலைக்குள், மூளைக்கு. அதன்பிறகு கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தொடங்காது. குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து, மாட்டை ஓட்டிப்போவது போல வளைக்குக் கூட்டிப்போய், காலில் முட்டையிட்டு, வாசலைக் கல்லால் அடைத்துவிடும்.

“ஏன்டா, கால்தான் இருக்கே, ஓட வேண்டியதுதானே?” என்றார் ஆச்சி.

அதுதான் இப்போது என் முதல் அத்தியாயத்தின் தலைப்பு. கேட்பவர் குறுக்கிடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நரம்பியல் விளக்கம் அங்கே வரட்டும், அதற்கு முன்னால் வேண்டாம்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ‘மூளையைப் பிடித்துக்கொண்டது’ என்று எழுதிவிடாதீர்கள். எறும்பை இலை நரம்பைக் கடிக்க வைக்கும் பூஞ்சையை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். அது தசைகளெங்கும் பரவியிருந்தது; மூளைக்குள்ளோ அது இல்லவே இல்லை.