காலநிலைக்காக உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பது எப்படி? முதல்முறை வாக்காளர்களுக்கான வழிகாட்டி

காலநிலை மாற்றம் என்றாலே பேச்சு ஐ.நா. மாநாட்டுக்கும் பிரதமர்களுக்கும் போய்விடுகிறது. ஆனால் மழைநீர் எந்தக் கால்வாய் வழியாக ஓட வேண்டும், நீர்நிலையை ஒட்டிக் கட்டடம் எழும்பலாமா, தெருவில் மரம் நிற்குமா, குப்பை எங்கே போகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றம்தான் முடிவு செய்கிறது. அந்த மன்றத்தில் யார் உட்காருவது என்பதைச் சில நூறு வாக்குகள், சில சமயம் ஒரே ஒரு வாக்கு தீர்மானித்துவிடும். 2017 மே மாதம் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து மன்றத் தேர்தலில், ஒரு வார்டில் முதலிடத்துக்கு வந்த இரண்டு வேட்பாளர்களும் சரிசமமாக வாக்கு வாங்கினார்கள். கடைசியில் குச்சி எடுத்துப் பார்த்துத்தான் வெற்றியாளரை அறிவித்தார்கள். அந்த ஒரு இடம் கிடைக்காததால் ஒரு கட்சிக்கு மன்றத்தில் தனிப் பெரும்பான்மையே கைநழுவிப் போனது.

காலநிலையை மனதில் வைத்து வாக்களிக்க நினைப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.

படி 1: பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா?

இதைத் தேர்தல் நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். வீடு மாறியிருந்தால் பழைய வார்டிலேயே பெயர் தங்கியிருக்கும். பெயர் சேர்க்கக் கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் "நமக்கு இங்கே ஓட்டு இல்லை" என்று தாங்களாகவே முடிவு கட்டிவிட வேண்டாம். உதாரணமாக, பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் அங்குள்ள உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

படி 2: மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது?

இது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் பேருந்து மன்றத்தின் பொறுப்பு, சில இடங்களில் மேலே உள்ள அரசின் பொறுப்பு. மின் உற்பத்தி பெரும்பாலும் மன்றத்தின் கையில் இருக்காது. மன்றத்துக்கு அதிகாரமே இல்லாத ஒன்றை ஒரு வேட்பாளர் வாக்குறுதியாகக் கொடுத்தால், அதை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள்.

பொதுவாக மன்றத்திடம் இருப்பவை: கட்டட அனுமதி, குப்பை, வடிகால், உள்ளூர்ச் சாலைகள், நடைபாதை, பூங்கா, தெருவிளக்கு, மன்றத்தின் சொந்தக் கட்டடங்கள், வண்டிகள். இதில் குப்பையைப் பலரும் காலநிலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. உணவுக் கழிவு குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதைந்து மக்கும்போது மீத்தேன் வருகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட அது சுமார் 80 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். ஆகவே மட்கும் குப்பையைத் தனியாக வாங்கி உரமாக்கும் மன்றம் ஒரு பெரிய காலநிலை வேலையைச் செய்கிறது, துண்டுப்பிரசுரத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும்.

வெப்பம் இன்னொன்று. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகு 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே ஒரு செயல்திட்டம் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிதண்ணீர், பிற்பாடு கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. எல்லாமே ஒரு மாநகராட்சியால் முடிகிற வேலைகள். உயிர் காக்கிற வேலைகள்.

படி 3: உங்கள் வார்டுக்கு இரண்டே இரண்டு கோரிக்கை

பத்து வேண்டாம், இரண்டு போதும். அதைத் தேர்ந்தெடுக்க வார்டை ஒருமுறை வெயில் நேரத்தில் நடந்து பாருங்கள். முடிந்தால் பெருமழைக்கு அடுத்த நாள் இன்னொரு முறை. எந்தத் திருப்பத்தில் தண்ணீர் தேங்குகிறது, எந்த நிறுத்தத்தில் ஒதுங்க நிழல் இல்லை, நடைபாதை எங்கே திடீரென்று முடிந்துபோகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் தேங்குகிறது" என்று மட்டும் எழுதாமல், ஏன் என்றும் பாருங்கள். தரை முழுக்க சிமென்ட் போட்டிருக்கிறார்களா? வடிகாலின் வாய் சாலையைவிட உயரத்தில் இருக்கிறதா? திரும்பத் திரும்பச் சாலை போட்டு மட்டம் ஏறிய தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். காரணம் தெரிந்தால் கேள்வி கூர்மையாக வரும்.

கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று கொட்டிய பேய்மழையில் நகரமே மிதந்தது. அடுத்த ஆண்டே, இப்படித் திடீரென்று கொட்டும் பெருமழையைச் சமாளிக்க மாநகராட்சி ஒரு மேகவெடிப்புத் திட்டத்தை நிறைவேற்றியது. குழாயைப் பெரிதாக்குவதோடு நிற்காமல், பூங்காக்களையும் தெருக்களையும் மழை நேரத்தில் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும்படி மாற்றி அமைக்கத் தொடங்கினார்கள்.

படி 4: பழைய கணக்கைப் புரட்டுங்கள்

என்னைக் கேட்டால், ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைச் செய்தால் போதும்.

2016 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டேரபின் மன்றம் காலநிலை அவசரநிலையை, அதாவது காலநிலை மாற்றம் உடனே கவனிக்க வேண்டிய நெருக்கடி என்பதை, அறிவித்தது. உலகில் முதலில் அப்படி அறிவித்த அரசு அமைப்பு அதுதான். அப்புறம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மன்றங்களும் அரசுகளும் அதே வழியில் அறிவித்தன. அறிவிப்பு நல்லதுதான். ஆனால் அதற்குப் பின்னால் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

மன்றத்தின் வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். முந்நூறு பக்கம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். மரம், பூங்கா, வடிகால், குப்பை, நடைபாதை என்று நான்கைந்து சொற்களைத் தேடினால் போதும். ஒவ்வொரு வரியிலும் பல கட்டங்கள் இருக்கும்: ஒதுக்கியது, பிறகு திருத்தியது, உண்மையில் செலவானது. பலரும் முதல் கட்டத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் கடைசிக் கட்டத்துக்குப் போங்கள். நடைபாதைக்கு ஒரு தொகை ஒதுக்கி, ஆண்டு நடுவில் அதைப் பாதியாக்கி, முடிவில் கால்வாசிகூடச் செலவு செய்யவில்லை என்றால் மன்றத்தின் மனம் எங்கே இருந்தது என்பது அந்த ஒரே வரியில் தெரிந்துவிடும்.

அடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள். உங்கள் கவுன்சிலர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், எதற்குக் கை தூக்கினார் என்று பாருங்கள். "ஒத்திவைக்கப்பட்டது" என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்ல தீர்மானங்களை எதிர்த்துத் தோற்கடிப்பதைவிட ஒத்திப்போட்டே முடித்துவிடுவது சுலபம். ஒரே தீர்மானம் மூன்று நான்கு கூட்டத்துக்குத் தள்ளப்பட்டிருந்தால், தள்ளச் சொன்னவர் யார் என்று தேடுங்கள்.

படி 5: வாசலுக்கு வருபவரிடம் கேளுங்கள்

"காலநிலை மாற்றம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லா வேட்பாளரும் "ரொம்ப முக்கியமான விஷயம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"இந்தத் தெருவைத் திரும்பப் போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுவீர்களா? மரக்குழிக்கு இடம் விடுவீர்களா?"

"போன வருடம் வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் செலவாகவில்லை. நீங்கள் வந்தால் முதல் ஆண்டில் எந்த இடத்தில் வேலை தொடங்கும்?"

"வண்டி நிறுத்தும் இடத்தைக் குறைத்துப் பேருந்துக்குப் பாதை விட வேண்டும் என்றால், கடைக்காரர்கள் எதிர்த்தாலும் ஆதரிப்பீர்களா?"

மூன்றாவது கேள்விதான் கடினமானது. காலநிலை வேலையில் யாருக்காவது ஏதாவது ஒரு அசௌகரியம் வரத்தான் செய்யும். அதை ஒப்புக்கொண்டு, "முதலில் அவர்களோடு உட்கார்ந்து பேசுவேன், ஆனால் பாதை வரும்" என்று சொல்லும் வேட்பாளரை நான் நம்புவேன். பதில் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்பவரும் மோசமில்லை. சொன்னபடி திரும்பி வருகிறாரா என்று பாருங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

புதிதாக நிற்பவர்களுக்குப் பழைய கணக்கு இருக்காது. அவர்களுக்கு இந்தக் கேள்விகளும், இதுவரை ஊருக்கு என்ன செய்தார்கள் என்பதும்தான் அளவுகோல். கட்சி அறிக்கையில் இடம், ஆண்டு, தொகை மூன்றும் உள்ள வரிகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

படி 6: வாக்கு எப்படி எண்ணப்படும்?

சில இடங்களில் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். அங்கே உங்களுக்கு மிகப் பிடித்தவருக்கா, ஓரளவு பிடித்து ஜெயிக்க வாய்ப்புள்ளவருக்கா என்று யோசிக்க வேண்டிவரும். போன தேர்தல் முடிவை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும். ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தலைப் போல 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை இருந்தால் இந்தத் தவிப்பு குறைவு. பிடித்தவருக்கு 1 போட்டுவிட்டு, 2, 3-ஐயும் மறக்காமல் போடுங்கள். ஒரே வார்டில் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் இடங்களும் உண்டு. அங்கே மூன்று வாக்கு இருப்பது தெரியாமல் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

படி 7: வாக்குச்சாவடியும் அதற்குப் பிறகும்

அடையாள அட்டை, வாக்குச்சாவடி முகவரி, நேரம் மூன்றையும் முதல் நாளே பார்த்து வையுங்கள். பல இடங்களில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மக்கள் வருவதே குறைவு. 2024 பிப்ரவரியில் பெரிய கார்களின் நிறுத்தக் கட்டணத்தை உயர்த்தலாமா என்று பாரிஸ் நகரம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, வந்தவர்கள் 6 சதவீதத்துக்கும் கீழே. அந்தச் சிலரின் பெரும்பான்மையில்தான் கட்டணத்தை உயர்த்தும் முடிவு வந்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முடிவு வந்த பிறகு, ஜெயித்தவர் நீங்கள் வாக்களித்தவராக இல்லாவிட்டாலும், உங்கள் இரண்டு கோரிக்கையை எழுதி அனுப்புங்கள். வாசலில் அவர் சொன்ன பதிலையும் தேதியையும் அதிலேயே குறிப்பிடுங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும் நாள் எது என்று மன்ற அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஒதுக்கிய பிறகு கேட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டிவரும்.