80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறதா? பாகம் மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. செங்கல்பட்டு பக்கம் பரனூர் டோலைத் தாண்டி, நேரான ரோட்டில் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் உதறத் தொடங்கும். சில கார்களில் 110-க்கு மேல் போனால் குறைந்துகூடப் போகும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஸ்விஃப்ட், சான்ட்ரோ, இண்டிகா வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய தொல்லை. இதில் பணம் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உதறல் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனிக்காமலே வண்டி பட்டறைக்குப் போய்விடுகிறது.

"ஸ்டியரிங் ஆடுது, பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தால், மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார். இவ்வளவு வருஷம் ஓடிய வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இணைப்புகளான டை ராடு எண்டிலோ, பால் ஜாயின்டிலோ, லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷிலோ கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அவற்றை மாற்றிவிடுவார்கள். அடுத்த முறை திண்டிவனம் போகும்போது அதே உதறல் திரும்ப வரும். சீரான ரோட்டில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் உதறல் பெரும்பாலும் சுழலும் ஏதோ ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது: டயர், ரிம், பிரேக் டிஸ்க், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டு. தளர்ந்த புஷ்களும் ஜாயின்டுகளும் அதை அடக்காமல் கைக்குக் கடத்துகின்றன, அவ்வளவுதான். புது வண்டியில் தெரியாமலே போகும் சிறிய பேலன்ஸ் குறை (சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாமை), பழைய வண்டியில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். ஆட்டம் கண்ட பால் ஜாயின்டைப் பாதுகாப்புக்காக மாற்றியே ஆக வேண்டும். ஆனால் உதறலுக்கு அதுதான் மருந்து என்று நம்பி மாற்றாதீர்கள்.

அடுத்த குழப்பம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. உதறலைச் சொன்னதும் "அலைன்மென்ட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஓரம் மட்டும் தேய்ந்தால், நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றால் அது அலைன்மென்ட் வேலை. உதறலுக்கு வேண்டியது பேலன்ஸிங்: சக்கரத்தை மெஷினில் சுழற்றி, எடை குறைந்த இடத்தில் சிறு ஈயக் கட்டை வைத்துச் சமன் செய்வது. 165/80 ஆர்14 டயர் மணிக்கு 100 கிலோமீட்டரில் நொடிக்குச் சுமார் 14 தடவை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் வெறும் 20 கிராம் ஏறுமாறாக இருந்தாலும், அந்த வேகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அது சக்கரத்தை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். ஊருக்குள் ஒன்றும் தெரியாததன் காரணம் இந்தக் கணக்குதான்.

பேலன்ஸிங் செய்தும் சரியாகவில்லை என்பவர்கள், அது எப்படிச் செய்யப்பட்டது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். ரிம்மின் உட்புறம் காய்ந்த சேறு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமலே மெஷினில் ஏற்றுவார்கள். பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு கட்டி உதிரும், கணக்கு மாறிவிடும். பழைய ஈயக் கட்டைகளைக் கழற்றாமல் அவற்றின் மேலேயே புதுக் கட்டைகளைப் போடுவது இன்னொரு பழக்கம். சக்கரத்தை மெஷினின் கூம்பு போன்ற கோனில் நடுவாக உட்கார வைக்காமல் முடுக்கினால், 'சமனாகிவிட்டது' என்று மெஷின் காட்டும் 00-க்கு அர்த்தமே இல்லை. ஒரு முறை கழற்றி, திருப்பி மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். எண் பெரிதாக மாறினால் சக்கரம் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்துவிடும். பஞ்சருக்காக டயருக்குள் திரவ சீலன்ட் ஊற்றியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது உள்ளே ஓரிடத்தில் தேங்கி நின்றால் பேலன்ஸே நிற்காது.

மெஷினில் சக்கரம் சுற்றும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் ரிம்மின் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பள்ளத்தில் விழுந்து அடிவாங்கிய ரிம் இடவலமாக அலையும், அல்லது மேலும் கீழும் ஏறி இறங்கும். அதற்கு எத்தனை ஈயக் கட்டை வைத்தாலும் ரோட்டில் உதறல் போகாது. டயரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்திருந்தால் டிரெட் ஓரிடத்தில் புடைத்துத் தெரியும்; உள்ளங்கையால் தடவினாலே தட்டுப்படும். அப்படி ஒரு டயர் கண்ணில் பட்டால் பேலன்ஸிங் பேச்சே வேண்டாம், அங்கேயே ஸ்டெப்னியைப் போட்டுவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் டிஓடி (DOT) எழுத்துகளைத் தொடர்ந்து வரும் கடைசி நான்கு இலக்கங்களையும் படித்துக்கொள்ளுங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டிரெட் தேயாமல் நிறைய இருந்தாலும் வயதான டயர் வயதான டயர்தான்.

சந்தேகம் தீராவிட்டால், செலவில்லாத ஒரு வழி முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி மாட்டுவது. உதறல் ஸ்டியரிங்கை விட்டுச் சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி சக்கரம்தான். மாட்டும்போது, ரிம் உட்காரும் ஹப் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்; துருவின் மேல் உட்கார்ந்த ரிம் நேராக நிற்காது. வெளியில் வாங்கிய அலாய் என்றால் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சென்டரிங் வளையம் போட வேண்டும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் பேலன்ஸிங் கடைக்குப் போவது வீண். டிஸ்க்கின் கனம் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறிவிட்டது என்று பொருள். பேட் மட்டும் மாற்றினால் தீராது. டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். லேத்தில் கடைந்த பிறகும் அதற்குக் கீழே போகாது என்றால் கடையலாம், இல்லையென்றால் புதிது போட வேண்டும். கிளம்பும்போது ஒன்றுமில்லாமல், அரை மணி ஓடிய பிறகு உதறல் ஆரம்பித்து வண்டியும் ஒரு பக்கம் இழுத்தால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். வண்டியை நிறுத்தி ரிம்மைத் தொடாமல் அருகில் கையைக் கொண்டுபோனாலே ஒரு சக்கரம் மட்டும் அனலாய்க் கொதிப்பது தெரியும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உதறி, காலை எடுத்ததும் நின்றால் ஆக்ஸிலின் உள் ஜாயின்டைப் பாருங்கள். "திருப்பும்போது டக் டக் சத்தம் இல்லையே, ஆக்ஸில் நல்லாத்தான் இருக்கு" என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சத்தம் சக்கரத்தின் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்டுடையது. கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட் சத்தமில்லாமலே தேயும்.

எஞ்சினா சக்கரமா என்று பிரித்தறிய, வண்டி நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில் அதே வேகத்தில் கிளட்சை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் சுழற்சி இறங்கிய பிறகும் உதறல் தொடர்ந்தால் எஞ்சின் மேல் பழி இல்லை. இதற்காகச் சாவியை மட்டும் அணைக்கவே கூடாது. பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக் பெடல் கட்டை போல் இறுகிவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

வேலை முடிந்ததும் பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்விட்டுக் காசு கொடுக்காதீர்கள். எந்த வேகத்தில் உதறியதோ அந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால், 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள்.