புது நர்ஸின் முதல் வருஷம்: வார்டும் சேர்ந்து தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங் கவுன்சில் பதிவு கைக்கு வந்ததும் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்துவிடும். சேர்ந்த வாரமே நைட் டூட்டி. கூட ஒரு சீனியர் உண்டு, ஆனால் அவருக்கு இன்னொரு வார்டும் பொறுப்பு. முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. அதைச் செய்வது புது நர்ஸ் இல்லை, டூட்டி லிஸ்ட் போடுகிறவர்.

அமெரிக்காவில் இதற்கென்றே நர்ஸ் ரெசிடென்சி என்று ஓராண்டுத் திட்டங்கள் இருக்கின்றன. அங்குள்ள நர்சிங் கல்லூரிகளின் சங்கமும் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கூட்டமைப்பும் சேர்ந்து 2002-இல் ஒன்றைத் தொடங்கின. முழுச் சம்பளத்தோடு வேலை, கூடவே வழிகாட்ட ஒரு ப்ரீசெப்டர், இடையிடையே தன் செட்டோடு உட்கார்ந்து பார்த்த கேஸ்களைப் பேசுவது. நம் பக்கம் ஓரியன்டேஷன் என்றால் ஃபைலில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற இடங்கள் நிறைய. ப்ரீசெப்டர் போட்டாலும் சர்வீஸ் அதிகம் என்பதற்காகவே ஒருவரைப் போடுவார்கள். அவருக்குச் சொல்லித்தரும் பொறுமை உண்டா என்று பார்ப்பதில்லை. ஷிப்டுக்கு ஒரு ஆளாக மாற்றினால், மருந்து ஏற்றக் கையில் குத்தும் ஒரே கேனுலாவை மூன்று விதமாகப் போடக் கற்றுக்கொண்டு குழம்புவதுதான் மிச்சம்.

புது நர்ஸ் செய்கிற தவறுகளில் பெரியது, 'காலேஜ் போஸ்டிங்கில் பார்த்ததுதானே' என்று நினைப்பது. டெல்டாவில் நடவு, அறுப்புக் காலங்களில் வரும் பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று காட்டும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை எல்லோருக்கும் தெரியும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, அசைக்காமல் வைக்க வேண்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். அவசரப்பட்டு நடுவில் சாய்த்துப் பார்ப்பதும் தவறுதான். இவற்றைவிட மோசம், ரத்தம் உறைந்துவிட்டது, விஷம் இல்லை என்று முடிவு கட்டுவது. கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காகவே உறையும். இமை சரிவதும் விழுங்க முடியாமல் போவதும் மூச்சு தளர்வதும்தான் அடையாளம். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார். கடித்த தடம்கூடத் தெரியாது. இதை ஒரு சீனியர் பக்கத்தில் நின்று காட்டினால் ஆயுசுக்கும் மறக்காது.

இன்சுலினிலும் இதே கதைதான். மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் குப்பி மருந்தை 40 ஊசியில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குப்பி, ஊசி இரண்டையும் இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பொட்டாசியம் குளோரைடை எந்த அவசரத்திலும் நேரடியாக நரம்பில் தள்ளக் கூடாது.

அடுத்தது, திட்டுவார்களே என்று டூட்டி டாக்டரை எழுப்பத் தயங்குவது. பல நேரம் திட்டு விழக் காரணம் போன் செய்தது அல்ல, சொன்ன விதம். “சார், பேஷன்ட் நல்லா இல்ல” என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். “சார், ஃபீமேல் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசுறேன். ஆறாம் பெட் அம்மா, நேத்து நிமோனியான்னு அட்மிட் ஆனவங்க. பத்து மணிக்கு 94 இருந்த சாச்சுரேஷன் இப்ப 87. மூச்சு 34. ஆக்ஸிஜன் வச்சுட்டேன், நீங்க வந்து பாக்கணும்.” இப்படிச் சொன்னால் அவர் படியிறங்கிக்கொண்டே மீதியைக் கேட்பார். டூட்டி மாறும்போது ஹேண்ட் ஓவரையும் இதே வரிசையில், பெட் பக்கத்தில் நின்று கொடுங்கள்.

நிமிடத்துக்கு மூச்சு 34 என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எண்ணியிருக்க வேண்டும். வார்டு முழுக்க மூச்சு 20 என்று எழுதியிருக்கும் சார்ட்டுகளை நம்மில் பார்க்காதவர் யார்? விடிகாலையில் மொத்தமாக நிரப்பும் பழக்கம் சீனியர்களிடமிருந்துதான் தொற்றுகிறது. இதில் மட்டும் அவர்களைப் பின்பற்றாதீர்கள்.

இன்டர்வியூவில் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவதும் தவறுதான். எத்தனை வாரம் என்னை டூட்டி கணக்கில் சேர்க்காமல் கூட வைத்துக்கொள்வீர்கள், யார் சொல்லித்தருவார், தனி நைட் எப்போது என்று கேளுங்கள். இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்கிற பாண்ட் இருந்தால் வீட்டில் காட்டிப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம். விட்டுவிட்டு வர வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.