மைனர் லீக் பேஸ்பால்: முதல்முறை மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு

பேஸ்பால் விதி எதுவும் தெரியாமலே ஒரு மாலையை நன்றாகக் கழிக்க முடிகிற இடம் மைனர் லீக் மைதானம். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகுக்குக் கீழே, அதற்கு ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் லீக் இது. டிக்கெட் மேஜர் லீகைவிட மிகவும் மலிவு, ஆட்டக்காரர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். வட கரோலினாவின் டர்ஹாம் ஊரில் இருக்கும் புல்ஸ் அணியின் மைதானத்தை வைத்துச் சொல்கிறேன். கேரி, மோரிஸ்வில் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

1. ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

சீசன் வசந்த காலத்தில் தொடங்கி செப்டம்பர் வரை ஓடும். ஒரே எதிரணி ஊரில் தங்கி செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம் ஆடுவதுதான் வழக்கம். திங்களன்று பெரும்பாலும் விடுமுறை. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு செவ்வாய், புதன். வாணவேடிக்கை உள்ள நாளில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

2. இருக்கை

டர்ஹாமில் சுமார் 10,000 பேர் உட்காரலாம். எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் தெரியும், அதனால் விலை உயர்ந்த இருக்கை தேவையில்லை. வெயிலைத்தான் பார்க்க வேண்டும். கோடை மாலையில் மேற்கு பார்த்த இருக்கை கிடைத்தால் ஒரு மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உள்ளே எந்தப் பையைக் கொண்டுபோகலாம் என்ற விதி மைதானத்துக்கு மைதானம் மாறும். கிளம்பும் முன் அணியின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

3. எதைக் கவனிப்பது?

இங்கேதான் சுவாரசியம். மைனர் லீகில் நான்கு படிகள்; டர்ஹாம் மேல்படியான ட்ரிபிள் ஏ. அதற்கு மேலே மேஜர் லீக்தான். புல்ஸில் நன்றாக ஆடுபவர் டாம்பா பே ரேஸ் என்ற மேஜர் லீக் அணிக்குப் போவார். மேலே சரியாக ஆடாதவரும், காயத்திலிருந்து மீண்டு வருபவரும் இங்கே வந்து ஆடுவார்கள். ரஞ்சி ஆட்டத்தில் இந்திய அணிக்காரர் திடீரென்று இறங்குவது போல. எனவே அணி ஜெயிக்கிறதா என்பதைவிட, ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவரையே பாருங்கள். பிட்சர் (பந்து எறிபவர்) என்றால் இன்னும் நல்லது.

பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து சரியான எல்லைக்குள்தான் வந்தது, அதாவது ஸ்ட்ரைக், என்று நடுவர் சொன்னதும் பேட்டர் தன் ஹெல்மெட்டைத் தட்டுகிறாரா? முறையீடு செய்கிறார் என்று அர்த்தம். பேட்டர், பிட்சர், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் மூவரில் ஒருவர்தான், அதுவும் உடனே கேட்க வேண்டும். பந்து போன பாதை பெரிய திரையில் வரும். நடுவர் சொன்னது தவறு என்றால் அரங்கமே குதூகலிக்கும். மேஜர் லீகுக்குப் போகும் முன் இந்த முறையை ட்ரிபிள் ஏ-யில் சோதித்துப் பார்த்தார்கள்.

இடதுபுற உயரமான நீலச் சுவரின் மேல் ஒரு பெரிய காளைப் பலகை நிற்கும். புல்ஸ்காரர் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தால் அதன் கண் சிவக்கும், வால் ஆடும், மூக்கில் புகை வரும். பந்து காளைமேல் பட்டால் ஸ்டேக், அதன் காலடிப் புல்லில் பட்டால் சாலட் பரிசு என்று பலகையிலேயே எழுதியிருக்கும். 1988-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காகப் பிறந்த யோசனை இது.

4. பந்து உங்கள் பக்கம் வந்தால்

ஃபவுல் பால் (பேட்டர் அடித்து, ஆட்ட எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் பந்து) கூட்டத்துக்குள் விழுந்தால் திருப்பித் தர வேண்டாம், எடுத்தவருக்கே சொந்தம். ஆனால் பயங்கர வேகத்தில் வரும். சின்னக் குழந்தைகளோடு போனால் வலைக்குப் பின்னால் உட்காருங்கள், பிட்சர் கையை ஓங்கும்போது போனைப் பார்க்காதீர்கள்.

5. சாப்பாடு, எழுந்து நிற்பது

ஹாட் டாக்தான் பிரதானம். சைவக்காரர்களுக்கு ப்ரெட்ஸல், நாச்சோஸ், வேர்க்கடலை. இங்கே இன்னிங்ஸ் என்றால் இரு அணியும் ஒருமுறை பேட் செய்யும் ஒரு சுற்று. ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து பாடுவார்கள். பாட்டு தெரியாவிட்டாலும் நின்றுவிடுங்கள். இன்னிங்ஸ் இடைவெளிகளில் குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயம் மாதிரி ஏதாவது நடக்கும்.

6. கையெழுத்து வேண்டுமா?

ஆட்டம் முடிந்தபின் காத்திருப்பதைவிட, முன்னதாகப் போய் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரோரம் நில்லுங்கள். பேனா நீங்களே கொண்டுபோக வேண்டும்.

7. திரும்புவது

ஆட்டம் சுமார் இரண்டரை மணி நேரம் போகும். முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் காரை எடுப்பார்கள். அவசரப்படாமல் பக்கத்திலிருக்கும் அமெரிக்கன் டொபாக்கோ வளாகத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். பழைய சிகரெட் ஆலை, இப்போது உணவகங்களும் அலுவலகங்களும். அதற்குள் வாகன நெரிசல் குறைந்திருக்கும்.