ஓப்பியாய்டு அடிமைத்தன மரபணுப் பரிசோதனை முடிவைப் படிப்பது எப்படி?

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் மாதிரியைக் கொண்டு, மார்ஃபின், கோடீன் போன்ற ஓப்பியாய்டு வலிநிவாரணிகளுக்கு ஒருவர் அடிமையாகும் அபாயம் கூடுதலா, குறைவா என்று கணிக்கும் அவெர்ட்-டி என்ற பரிசோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அதன் முடிவு கைக்கு வந்தால் எதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

முடிவுத்தாளில் அபாயத்தைச் சொல்லும் வரியைப் பார்ப்பதற்கு முன், இந்தப் பரிசோதனை உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். 18 வயது நிரம்பியவராக, வாய்வழி ஓப்பியாய்டை இதுவரை எடுத்திராதவராக, அறுவை சிகிச்சை போன்ற திடீர் வலிக்காக 4 முதல் 30 நாட்களுக்கு மருந்து பெறவிருப்பவராக இருந்தால் மட்டுமே இது பொருந்தும். நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இந்த முடிவால் பயனில்லை.

அடுத்து, மரபின் பங்கைச் சரியான அளவில் வைத்துப் பாருங்கள். ஓப்பியாய்டு அடிமைத்தனத்தில் ஏறத்தாழ பாதி மரபுவழிப்பட்டது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தப் பாதி, மக்கள் தொகையில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டைப் பற்றியது. தனி மனிதர் ஒருவரின் தலைவிதியில் பாதி எழுதப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. நரம்பணுக்களில் மார்ஃபின் சென்று பற்றும் புரதத்தை (ஏற்பியை) உருவாக்கும் ஓ.பி.ஆர்.எம்.1 மரபணுவின் மாற்றம் உட்பட, இதில் தொடர்புடைய மரபணு மாற்றங்கள் ஏராளம். ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. அவெர்ட்-டி பார்ப்பது அவற்றில் 15 இடங்களை மட்டுமே.

பலரும் தடுக்கி விழும் இடம் கணக்குதான். தயாரிப்பாளரின் ஆய்வுப்படி, அடிமையானவர்களில் 82.8 விழுக்காட்டினரை இப்பரிசோதனை சரியாக இனங்கண்டது; ஆகாதவர்களில் 79.2 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மருந்து பெறும் 1,000 பேரில் 20 பேர் அடிமையாவார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த 20 பேரில் 17 பேர் 'கூடுதல் அபாயம்' என்ற முடிவைப் பெறுவார்கள். மீதி 980 பேரிலும் 204 பேருக்கு அதே முடிவு வரும். ஆக, அப்படி அச்சிட்ட தாளை வாங்கும் 221 பேரில் பதின்மூன்றில் ஒருவர்தான் உண்மையில் அடிமையாகக்கூடியவர். நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவே 2022 அக்டோபரில், பயனைவிட அபாயமே அதிகம் என்று 11-க்கு 2 என்ற கணக்கில் எதிர்த்து வாக்களித்திருந்தது.

வம்சாவளியையும் கவனியுங்கள். ஓ.பி.ஆர்.எம்.1 மரபணுவில் அதிகம் பேசப்படும் மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரைவிடத் தெற்காசியரிடமும் கிழக்காசியரிடமும் இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் காணப்படுகிறது. அதற்காக ஆசியர்கள் எல்லாரும் போதைக்கு ஆளாகிறவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இத்தகைய மரபணுப் பட்டியல்கள் அடிமைத்தனத்தை விடுத்து, வம்சாவளியைக் கண்டுபிடித்துவிட்டு அதையே அபாயம் என்று அறிவிக்கக்கூடும் என்பதை 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் வாழும் தமிழர் ஒருவர் தம் முடிவைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு பரிசோதனையும் உண்டு. சி.ஒய்.பி.2டி6 என்ற நொதியின் மரபணுவைப் பார்ப்பது அது. கல்லீரலில் கோடீனை மார்ஃபினாக மாற்றுவது இந்த நொதிதான். அது மிக வேகமாக வேலை செய்பவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகலாம்; 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கோடீனும், வலிக்காக டிரமடால் என்ற மற்றோர் ஓப்பியாய்டும் தரக்கூடாது என்று 2017-இல் அறிவிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். வேலையே செய்யாதவர்களுக்கோ கோடீனால் வலி சரிவரக் குறையாது. 'இன்னும் வலிக்கிறது, இன்னொரு மாத்திரை கொடுங்கள்' என்று கேட்கும் அவர்களைப் போதைக்கு அலைபவர்கள் என்று மருத்துவமனை ஊழியர் சந்தேகிக்க நேர்வதும் உண்டு. இப்பரிசோதனை அடிமைத்தனத்தைக் கணிப்பதில்லை. ஆனால் மருந்தைத் தேர்வு செய்ய உதவுகிறது. என் கணிப்பில் இதுவே கூடுதல் பயனுள்ளது.

எந்த முடிவு வந்தாலும், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரிடையே மது அல்லது போதைப்பொருள் பழக்கம் இருந்ததா, உங்களுக்கு மனச்சோர்வோ பதற்றமோ உண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டு மானம் போய்விடும் என்று நம்மவர்கள் மூடிவைக்கும் இந்தச் செய்திகள், பதினைந்து மரபணு இடங்களைக் காட்டிலும் அதிகம் உதவும். 'குறைந்த அபாயம்' என்று வந்ததை நம்பி மருந்துச் சீட்டில் நாட்களைக் கூட்டிவிட வேண்டாம். எத்தனை நாளுக்குத் தருகிறீர்கள், பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் போதாதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2017-இல் வெளியான தரவுகளின்படி, முதல் முறையாக ஒரு நாளாவது மருந்து பெற்றவர்களில் 6 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் ஓப்பியாய்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 31 நாட்களோ அதற்கு மேலோ பெற்றவர்களில் இது ஏறத்தாழ 30 விழுக்காடு. மிஞ்சும் மாத்திரைகளை அலமாரியில் வைக்காமல் மருந்துக்கடையின் திரும்பப் பெறும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.